தெரிந்தே எழுதிய பிழை

ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

அன்று காலை ஒரு நர்ஸ் மூன்றாம் மாடிப் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்தாள். தனக்கு இந்தச் சாவுதான் வரப்போகிறது என்பதை அவள் முந்தின வாரமே எழுதிக் கொடுத்திருந்தாள். கெடு தவறாமல் கொடுத்திருந்தாள். அது கதைக்குப் பொருந்தவில்லை என்று திருத்திவிட்டார்கள்.

சொல்ல வந்த குறை இதுதான். இனி நடந்தது.

வாரப் பத்திரிகை அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தபோது கொக்கி சார் பேனாவுக்குச் சிவப்பு மை நிரப்பிக்கொண்டிருந்தார்.

அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. அந்தப் பத்திரிகையில் நான்கு பேர் முறைவைத்து ஒரே தொடர்கதையை எழுதினார்கள். வாரத்துக்கு ஒருவர். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அந்த அத்தியாயங்களை ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டுவது அவர் வேலை.

முதல் அத்தியாயத்தில் இடக்கால் நொண்டியவன் ஐந்தாம் அத்தியாயத்தில் வலக்காலை இழுத்தால் அவருக்கு அன்று சோறு இறங்காது.

புதன்கிழமை நான்கு மணிக்குப் பிறகு வரும் அத்தியாயத்தை அவர் தொடவும் மாட்டார்.

"ஹலோ."

"சார், வக்கீல் பேசறேன்."

எழுதும் நால்வரில் ஒருவர். அடுத்த அத்தியாயம் அவர் முறை.

"நாளைக்கு நாலு மணி. ஞாபகம் இருக்கில்ல? போன தடவை மாதிரி கோர்ட்டு, வாய்தான்னு கதை விடக்கூடாது."

"சார்... நம்ம சிஸ்டர் போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

சிஸ்டர் என்று அவர்கள் அழைத்தது, எழுதும் நால்வரில் ஒருத்தியான அந்த நர்ஸை.

"மாடிப்படியில உருண்டுட்டாங்களாம். வண்டி வர்றதுக்குள்ள..."

மைக்கூடு சாய்ந்தது. மேசையில் பரவிய சிவப்பு, விரித்து வைத்திருந்த அச்சுப் பிரதியை மெல்ல நனைத்தது. கொக்கி சார் துடைக்கவில்லை.

மாடிப்படி.

அந்தச் சொல்லைப் போன வாரம்தான் அவர் தம் கையால் அடித்து நீக்கியிருந்தார்.

மறுநாள் மதியம், சீருடை இல்லாமல் ஒரு பெண் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினாள்.

"நீங்கதான் கொக்கி சாரா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணுகூட வேலை பார்த்த ஹெட் நர்ஸ் நேத்து ஸ்டேஷனுக்கு வந்தாங்க. இது தானா விழுந்த சாவு இல்ல, புருஷன் வேலைன்னு ஒரே அழுகை. ரெண்டு புஜத்துலயும் விரல் பதிஞ்ச தடம் இருக்கு. விழுந்தவளைத் தூக்கினப்ப பதிஞ்சதுங்கறான் அவன்."

"வேற என்ன சொல்றான்?"

"தங்கமா வச்சிருந்தேங்கறான். எம் பொண்டாட்டியைத் தள்ளிவிட எனக்கென்ன பைத்தியமா, காரணத்தைச் சொல்லுங்கன்னு என்னையே கேக்கறான். எங்கிட்ட காரணம் இல்ல. அவ கதையில ஒரு வரிகூடப் படிச்சதில்லைன்னு வாக்குமூலத்துல கையெழுத்தும் போட்டிருக்கான். கடைசியா அவங்க எழுதினது உங்ககிட்டதானே இருக்கும்? காட்டுங்க."

கொக்கி சார் அந்த வாரத்து இதழை எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நிதானமாக வாசித்து முடித்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லையே சார். கல்யாணம் ஆகாத பொண்ணு. அண்ணங்காரன் அடைச்சு வச்சுக் கொடுமைப்படுத்தறான். கிணத்துல தள்ளப் பாக்கறான். செத்துப்போன பொண்ணு வீட்டைச் சுத்தி பத்து தெருவுக்குக் கிணறே கிடையாது."

"கிணறு நான் வச்சது."

"புரியல."

"அவ எழுதினது மூணாவது மாடிப்படி. அண்ணன் இல்ல, புருஷன். போனைப் புடுங்கி வச்சுக்கிட்டான், வேலைக்குப் போனா வாசல் வரைக்கும் கூடவே வர்றான், ஒருநாள் படியில தள்ளிக் கொன்னுட்டு வழுக்கிட்டாம்பான்னு எழுதியிருந்தா. ஆனா முதல் ஆறு அத்தியாயத்துலயும் கதாநாயகிக்குக் கல்யாணமே ஆகல. குடியிருக்கறது தரைவீடு." அவர் குரல் இறங்கியது. "அதனால புருஷனை அண்ணனாக்கினேன். படியைக் கிணறாக்கினேன். கதை ஒழுங்கா மாட்டிக்கிச்சு."

"அவங்க கையால எழுதின காகிதம்?"

"அச்சானதும் கிழிச்சுடுவோம். இல்லேன்னா நான் எழுதினது எங்கேன்னு ஒவ்வொருத்தரும் சண்டைக்கு வருவாங்க."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொலை பண்றவன்கூடத் தடயத்தை இவ்வளவு சுத்தமா அழிக்கறதில்ல சார்."

அவர் அடி வாங்கிய மாடு போலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"மாத்தறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"போன் பண்ணேன். வியாழக்கிழமை."

அந்த உரையாடலின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு இப்போது கேட்டது.

"ஏம்மா, முன்னாடி அத்தியாயமெல்லாம் படிக்கற வழக்கமே இல்லையா? கல்யாணம் ஆகாதவளுக்குப் புருஷன் எங்கேயிருந்து முளைச்சான்? தரைவீட்டுக்கு மூணாவது மாடி எப்ப கட்டினீங்க? அங்கேயிருந்து அவளைத் தள்ளிக் கொல்லப் போறானாம். யாரைக் கேட்டு?"

"படிச்சேன் சார். தெரிஞ்சுதான் எழுதினேன்."

"தெரியாம பண்ணா தப்பு. தெரிஞ்சு பண்ணா திமிரு."

"மன்னிச்சுக்குங்க சார். எதை வேணும்னாலும் மாத்திக்குங்க. மாடிப்படியை மட்டும் விட்டுடுங்க சார்... ப்ளீஸ்."

"ஒருத்திக்காகக் கதையை வளைக்க முடியாதும்மா."

அவ்வளவுதான். அவர் போனை வைத்துவிட்டார். வைத்துவிட்டு, கண்டிப்பாக இருந்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

"நீங்க சொல்றதை மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இல்லாத காகிதத்துக்கு நீங்க ஒருத்தர்தான் சாட்சி. அச்சுல இருக்கறதோ அண்ணனும் கிணறும். கோர்ட்டுல அவனுக்கு வாதாடறவன் சிரிச்சுடுவான்."

அப்போது ஜன்னலுக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

கொக்கி சாருக்கு அந்தச் சத்தம் பழக்கம். புதன்கிழமைதோறும் அது வரும். கீழேயே நிற்கும். அவள் மட்டும் உறையோடு மேலே வருவாள். தன் முறை இல்லாத வாரங்களிலும் வருவாள். வெற்று உறையை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் குடிப்பாள். போய்விடுவாள். பத்திரிகை மீது அவ்வளவு பிரியம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள்.

இன்று அவள் புருஷன் படியேறினான்.

"என்னை அவனுக்குத் தெரியும்" என்று ஜன்னலில் எட்டிப் பார்த்து முணுமுணுத்த இன்ஸ்பெக்டர், கூட வந்திருந்த இரண்டு கான்ஸ்டபிள்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த பழைய இதழ்க் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

கசங்காத சட்டை. வாரிய தலை. கையில் நீளமான உறை.

"வணக்கம் சார். சிஸ்டரோட வீட்டுக்காரன்."

"உக்காருங்க."

"இருக்கட்டும் சார். பாடி குடுக்கற நேரம், போகணும். இது அவ கடைசியா எழுதினது. இந்த வாரத்துக்கு. ஞாயித்துக்கிழமையே முடிச்சு வச்சுட்டா. புதன் நாலு மணி, புதன் நாலு மணின்னு ஜபிச்சுக்கிட்டே இருப்பா. போனவளுக்கு அந்தக் கெட்ட பேரு வேண்டாமேன்னு கொண்டாந்தேன்."

உள்ளே தட்டச்சு செய்த தாள்கள். கொக்கி சார் வாசித்தார்.

கதாநாயகிக்குத் தலைசுற்றல் நோய். அதனால் மனம் பேதலித்து, பொன்னான புருஷன் மீது வீண் சந்தேகம். கடைசியில் உண்மை உணர்ந்து, அவனிடம் மன்னிப்புக் கேட்க ஓடி வருகிறாள். மூன்றாம் மாடிப் படியில் தலை சுற்றுகிறது... விழுகிறாள். புருஷன் கதறுகிறான்.

நடை கல்லும் முள்ளுமாக இருந்தது. கதாநாயகி செத்ததைவிட அவள் புருஷன் நல்லவன் என்பதற்கே அதிக வரிகள்.

"நல்லா வந்திருக்கு" என்றார் கொக்கி சார்.

அவன் முகம் தெளிந்தது.

"ஆனா எனக்குச் சின்னச் சின்ன சந்தேகம் கேக்கற வியாதி உண்டு. இந்த வாரம் எழுத வேண்டியது யாரு?"

"அவதான். வாராவாரம் அவதானே எழுதறா?"

"இல்லீங்க. நாலு பேரு மாத்தி மாத்தி எழுதறாங்க. நாலு வாரத்துக்கு ஒருக்காதான் அவ முறை. ஒருத்தர் எழுதினதுக்கு அடுத்ததை அவரே எழுதறது இங்க கிடையாது. இது வக்கீலோட வாரம்."

"என்ன சார் சொல்றீங்க? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கதவைச் சாத்திக்கிட்டு எழுதினாளே. பத்திரிகை வேலைன்னுதான் நானும் தொந்தரவு பண்ணாம விட்டேன். ஒவ்வொரு புதனும் நானேதான் வண்டியில கொண்டாந்து விட்டேன்."

கொக்கி சாருக்கு அப்போதுதான் விளங்கியது.

எழுதுவதற்காக அவள் கதவைச் சாத்தவில்லை. சாத்திய கதவுக்காக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவன் இல்லாத அறை. புதன்கிழமை சற்று நேரம் அவன் இல்லாத பெஞ்சு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆர்வத்துல முன்னாடியே எழுதியிருப்பா போல" என்றான் அவன்.

"இருக்கலாம். இன்னொண்ணு. இதுல ஒரு புருஷன் வர்றானே, அவன் யாரு?"

"போன அத்தியாயத்துல வந்தவன்தான் சார்."

"அந்த மூணாவது மாடி?"

"அதுவும் அதுல இருக்கறதுதான். என்ன சார், கதையை நடத்தறவரு நீங்க. என்னைப் போய்க் கேக்கறீங்க?"

"போன அத்தியாயத்தை எங்க படிச்சீங்க?"

"புத்தகத்துலதான். கடையில வாங்கி."

கொக்கி சார் இதழை விரித்து அவன் பக்கம் தள்ளினார்.

"காட்டுங்க."

அவன் குனிந்து படித்தான். பக்கத்தைப் புரட்டினான். மீண்டும் முதல் பக்கத்துக்குப் போனான். மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. அவன் விரல் ஒரு வரியில் நின்றது.

"இதுல... அண்ணன்னு..."

"ஆமா. அண்ணன். கிணறு. கடைக்குப் போன எல்லாப் பிரதியிலயும் அப்படித்தான். புருஷனும் மாடிப்படியும் இருந்தது அவ கையெழுத்துல மட்டும். அதைப் படிச்சது நான் ஒருத்தன். இப்ப பாத்தா, நீங்களும்."

கட்டுகளுக்குப் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தாள்.

"ஒரு வரிகூடப் படிச்சதில்லைன்னு கையெழுத்துப் போட்டீங்களே? அடுத்த அத்தியாயமே எழுதற அளவுக்கு மனப்பாடமா இருக்கு!"

அவன் ஓடவில்லை. கதவைப் பார்த்தான், வாசலில் அந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து நிற்பதைப் பார்த்தான். பிறகு கொக்கி சாரைப் பார்த்துச் சிரித்தான். கோணல் சிரிப்பு.

"நான் எங்க சார் படிச்சேன்? நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க."

"நானா?"

"வியாழக்கிழமை போனை எடுத்தது யாரு? நான். ஸ்பீக்கரைப் போட்டுட்டுத்தான் எப்பவும் அவ கையில குடுப்பேன். புருஷன் எங்கேயிருந்து முளைச்சான், மூணாவது மாடி எப்ப கட்டினே, தள்ளிக் கொல்லப் போறானாமேன்னு ஒண்ணு விடாம கத்தினது நீங்க. அதுவரைக்கும் அவ ஏதோ கதை எழுதறான்னு சும்மாதான் இருந்தேன். அதுக்கப்புறம்தான் அலமாரியைக் குடைஞ்சேன். எழுதிப் பழகின காகிதம் கிடைச்சது. திட்டினாலும் அதையேதான் அச்சடிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்..."

"போதும். மிச்சத்தை ஸ்டேஷன்ல சொல்லு" என்றாள் இன்ஸ்பெக்டர். "காரணம் கேட்டியே. இப்ப நீயே சொல்லிட்டே."

இழுத்துக்கொண்டு போனார்கள். படிக்கட்டில் காலடிகள் தேய்ந்து மறைந்தன.

இன்ஸ்பெக்டர் மட்டும் ஒரு நிமிடம் நின்றாள். ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள்.

"ஆள் மாட்டினது உங்களாலதான் சார்" என்றாள்.

"அவ மாட்டினதும்" என்றார் கொக்கி சார்.

அவள் போன பிறகு தொலைபேசி ஒலித்தது. வக்கீல்.

"சார், மணி நாலாகப் போகுது. தப்பா எடுத்துக்காதீங்க. பேனாவைத் தொட்டா சிஸ்டர் மூஞ்சிதான் வருது. ஒரு வரி ஓடல. ஒருநாள் டைம் குடுங்க."

"எடுத்துக்குங்க."

"சார்?"

"எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்குங்க."

"என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் போனை வைத்துவிட்டார். கையில் இருந்த சிவப்புக் கறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெறும் மைதான். நேற்றிலிருந்து எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணை விட்டு அது போகவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருப்பவரே, உம்மிடம் கேட்பது ஒன்றுதான். முன்கதை முழுவதும் அறிந்தவள், கெடு ஒருநாளும் தவறாதவள், திடீரென்று பொருந்தாத ஒன்றை எழுதி நீட்டினால் திருத்தப் பேனாவை எடுக்காதீர். விளக்கம் கேட்கப் போனையும் எடுக்காதீர். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நேரே போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டும். அன்றைய அத்தியாயம் தாமதமானால் ஆகட்டும்.

தாமதமாக வந்த அத்தியாயத்தால் இதுவரை ஒருத்தியும் செத்ததில்லை.