ஒன்பதாம் ஆழம்

கோவில்பட்டி தங்கப்பழம் பட்டு மாளிகையில் எந்தப் புடவைக்கும் விலைச்சீட்டு கிடையாது. வாசலில் நிற்கும் நினைவுமானி சொல்வதுதான் விலை. வெளியே போகிறவர்கள் அதன் வளைவுக்குள் மூன்று மூச்சு நேரம் நிற்பார்கள். கடையில் கழிந்த பொழுது மூளையில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று ஓர் எண் வரும். குடும்பத்தில் யாருக்கு ஆழம் அதிகமோ அவர் எண்ணே கணக்கு. மூன்றென்றால் நெசவு விலை. ஒன்பதென்றால் பத்து மடங்கு. மறந்துபோகிற கடைக்கு ஏன் கூடுதல் காசு என்று மக்களே கேட்டு வாங்கிய சட்டம் அது.

ஒன்பதை வரவழைப்பது பூங்கோதையின் வேலை. முகூர்த்தப் புடவையை மணப்பெண்ணின் தோளில் போர்த்தும் நொடியில், மேடைக்கு அடியிலிருந்து நினைவுப்பனி எழும்பும். பெண் சின்ன வயதில் முகர்ந்த மணங்களை வீட்டாரிடம் விசாரித்து, பூங்கோதை முன்கூட்டியே கலந்து வைத்த பனி. அதில் அழாத பெண்ணில்லை. வாசலில் ஒன்பதுக்கான மணி அடித்ததும் சம்பந்திகள் நிமிர்ந்து நடப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் அந்த எண்ணை அச்சடிக்கும் வழக்கமும் வந்துவிட்டது.

சென்ற வருடம் சுடர்க்கொடி என்ற பெண், கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஆல்பத்தோடு தனியாக வந்தாள்.

"அக்கா, இந்தக் கடையில நடந்தது ஒண்ணுவிடாம ஞாபகமிருக்கு. தாலி கட்டினதுதான் இல்ல. போட்டோவுல வேற யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கு."

பூங்கோதை பழைய பேரேட்டை எடுத்து முப்பது பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். முப்பது பதிலும் ஒன்றுதான். ஒன்பது ஆழத்தில் ஒன்று இறங்கிவிட்டால், அடுத்த ஒரு மாதம் மூளையில் வேறெதுவும் சரியாக ஒட்டுவதில்லை.

"அதுக்கு நாம என்னம்மா செய்ய? மண்டபத்துக்காரன் நல்லாப் பண்ணல," என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி. பூங்கோதையும் தொடர்ந்து பனி கலந்தாள். சம்பளம் வேண்டியிருந்தது.

இந்த வருடம் அவள் மகள் மதிவதனிக்கே கல்யாணம். மாப்பிள்ளை, சுடர்க்கொடியின் கொழுந்தன். முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், மாப்பிள்ளையின் அம்மா லீலாவதி வேன் நிறைய ஆட்களோடு புடவை எடுக்க வந்து இறங்கினாள். பூங்கோதை அதற்கு முன்பே பனிக்குழாயை மூடியிருந்தாள்.

தோளில் புடவை விழுந்தது. ஒன்றும் எழும்பவில்லை.

"என்ன மதினி, பனியக் காணோம்?"

"குழாய் அடைச்சிருக்கு மதினி. புடவை நல்லாருக்கான்னு மட்டும் பாருங்க."

"நல்லாருக்கும்மா," என்றாள் மதிவதனி கண்ணாடியைப் பார்த்து. ரவிக்கைக்கு அளவு கொடுக்க உள்ளே போய்விட்டாள்.

லீலாவதி விடவில்லை. "மூத்தவளுக்கு ஒன்பது. சின்னவ பத்திரிகையில மூணுன்னு போடவா? இருபது சனத்தக் கூட்டிட்டு வந்தது இதுக்குத்தானா? பெத்த மகளுக்கே இவ்வளவுதான் செய்வீகன்னா, எங்களுக்கு என்னத்தச் செய்யப் போறீக?"

பதில் சொன்னது, கூட வந்திருந்த மூத்த மருமகள் சுடர்க்கொடி.

"அத்தை, அந்த ஒன்பதாலதான் ஒங்க மகன் தாலி கட்டினது எனக்கு ஞாபகமே இல்ல. மதிக்காவது இருக்கட்டும்."

வேனில் வந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இருபது பேர் நடுவில் மருமகளிடம் பேச்சு வாங்கியது லீலாவதிக்கு அதுதான் முதல் தடவை.

வாசலில் மதிவதனிக்கு இரண்டு வந்தது. சுடர்க்கொடிக்கு ஐந்து. லீலாவதி வளைவுக்குள் நின்றாள். ஒன்பது என்று மணி அடித்தது. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. பத்து மடங்கை அவளே எண்ணி வைத்தாள்.

அண்ணாச்சி ஓடி வந்தார். "பனிக்கு மாசம் லட்ச ரூவா குடுக்கேன். வெறும் பேச்சுல ஒன்பதா? ஏம்மா, அந்தப் பொண்ணு வேலைக்கு வருமா?"

பத்திரிகையில் ஒன்பதென்றே அச்சாயிற்று. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை நடுங்கியதை, ஆறு மாதம் கழித்தும் மதிவதனி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

லீலாவதி ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "அட்சதை போடுறது யாரு, நானா?" என்று மூத்த மருமகளிடம் கேட்டாள்.

"நீங்கதான் அத்தை."

"ஒண்ணும் நெனப்புல இல்ல." ஆல்பத்தை மூடி வைத்தாள். "ஆனா அன்னைக்குக் கடையில நீ கட்டியிருந்த சேலை, நின்ன எடம், சிரிச்சவ பல்லு, எல்லாம் அப்படியே இருக்கு."