ஒட்டுமா, ஒட்டாதா?

வாண்டு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர். பள்ளியில் இப்போது வேறொரு பெயர் கிடைத்திருந்தது. சொறி.

முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. ஒரே இடைவேளையில் அந்தப் பெயர் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. அவள் கையில் இருந்த தடிப்புகூட அத்தனை வேகமாகப் பரவவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது முழங்கை மடிப்பில் சிவப்பாக ஏதோ தடித்தது. அரித்தது. சொறிந்தாள். தோல் உரிந்து நீர் வடிந்தது. பிறகு மணிக்கட்டு, விரல் இடுக்கு என்று இறங்கியது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்பைத் தடவினால் அடங்கும். விட்டால் முன்னைவிட மோசமாகும்.

ஒருநாள் ஆசிரியை அவளை அழைத்தார்.

"குணமாகுற வரைக்கும் கடைசி பெஞ்சுல தனியா உட்காரும்மா. ஒரு வீட்டுல இருந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

யார் வீடு என்று மதியம் தெரிந்தது. அதுவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டு, ஜவுளிக்கடைக்காரர் மகள், மைதானத்தில் கொஞ்சம் தள்ளியே வந்து நின்றாள்.

"எங்க அம்மாதான் வந்து சொன்னாங்க. நான் சொல்லல."

வாண்டு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எனக்குக்கூட மூக்குல பரு வந்துச்சு. அம்மா போன் பண்ணாங்க, சாயங்காலமே தோல் டாக்டரம்மாகிட்ட காட்டிட்டோம். நீயும் போன் பண்ணேன்."

"எந்த நம்பருக்கு?"

அது பட்டுவுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அப்பாவிடம் கேட்டாள். அப்பா பெயிண்டர். கை கழுவிய பிறகும் அவர் நகத்தில் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"அந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரியா? நான்தான் பெயிண்ட் அடிச்சேன். மீன்தொட்டியெல்லாம் இருக்கு. சுவரை நாம தொடலாம், அதுக்குக் கூலி உண்டு. டாக்டர் நம்மளைத் தொடணும்னா அது வேற கதை" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் சிரிப்பும் சட்டென்று நின்றுவிட்டது.

"அதே டாக்டரம்மா மாசத்துல ஒரு காலைப்பொழுது பெரியாஸ்பத்திரிக்கு வருவாங்க. அங்க காசு வாங்க மாட்டாங்க. வேலைக்கு லீவு போட்டுட்டுக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அந்த நாளும் மழையோடுதான் விடிந்தது. பெரியாஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் ஈரக்குடைகளும் ஈரச்செருப்புகளுமாக ஒரே நசநசப்பு. வரிசை வாசலைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. நகர்ந்து நகர்ந்து அவர்கள் ஜன்னலை அடைந்தபோது, சீட்டுக் கொடுப்பவர் அப்பாவின் கையில் ஒரு சீட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனார்.

"இதுதான் கடைசி" என்றார்.

அவர்களுக்குப் பின்னால் நின்ற பெண், குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டிருந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்பவள். புடவை ஓரத்தில் செம்மண் கறை.

"ஐயா, ரெண்டு பஸ் மாறி வரேன். மத்த டாக்டர் பார்த்துட்டு, இவங்கதான் பார்க்கணும்னு அனுப்பினாரு."

"அடுத்த மாசம் வாங்கம்மா. தோலுக்குன்னு இருக்குறது ஒரே டாக்டர். நான் என்ன பண்ணுவேன்?"

எங்கே போவது என்று தெரியாமல் அந்தப் பெண் வாண்டுவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். துணி விலகியது. குழந்தையின் முதுகெல்லாம் கொப்புளம். சில இடங்களில் தோல் வழன்று, வெந்துபோனது போலிருந்தது.

"இது ஏன் அழாம இருக்கு?" என்று வாண்டு மெல்லக் கேட்டாள்.

"அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சும்மா."

வாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கடைசி பெஞ்சு நினைவுக்கு வந்தது. பார்க்காமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் குழந்தை மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பா, சீட்டை அவங்களுக்குக் கொடுத்துடலாமா?"

அப்பா எழுந்துபோய், இரண்டு பேரையும் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாதாம். டாக்டர் உடனே கிளம்ப வேண்டுமாம். திரும்பி வந்தார்.

"அடுத்த மாசம் வரைக்கும் தாங்குவியா?"

"தாங்க மாட்டேன்தான். ஆனா அது குட்டியா இருக்கே."

அப்பா சீட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழந்தையை அணைத்தபடி உள்ளே ஓடினாள்.

மழை விடவில்லை. அப்பாவும் மகளும் வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். வாண்டு நாட்களை எண்ணிப் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம் தனி பெஞ்சு. இன்னும் ஒரு மாதம் சொறி.

அப்போது டாக்டரம்மா குடையும் பையுமாக வேகமாக வெளியே வந்தார். கார் காத்திருந்தது.

மருந்து எழுத நேரம் வேண்டும், வாண்டுவுக்கு அது புரிந்தது. ஆனால் ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரமாகும்? மழையிலேயே ஓடினாள்.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி. இது ஒட்டுமா, ஒட்டாதா? அது மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா நின்றார். அவர் கண்கள் களைத்திருந்தன. பின்னால் ஓடிவந்த அப்பாவிடம் குடையைக் கொடுத்துவிட்டு, வாண்டுவின் இரண்டு கைகளையும் பிடித்தார். புரட்டிப் பார்த்தார். முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்தார். அந்த விரல்கள் கதகதப்பாக இருந்தன. வெளியார் யாரும் அவள் கையைத் தொட்டு வெகுநாளாகியிருந்தது.

"ஒட்டாது. இது உன் தோலோட சுபாவம், யாருக்கும் பரவாது. கடைக் களிம்பை நிறுத்திடு. குளிச்சதும் ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவு. அடுத்த மாசம் கண்டிப்பா வா, முழுசாப் பார்க்கணும்."

"அந்தப் பாப்பா?"

"உள்ள சேர்த்திருக்கோம். இன்னைக்கே வந்தது நல்லதாப் போச்சு."

"நீங்க ஏன் டாக்டர் இங்க தினமும் வர்றதில்ல?"

டாக்டரம்மா காத்திருந்த காரைத் திரும்பிப் பார்த்தார். குடையை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

மறுநாள் காலை வாண்டு நேராக ஆசிரியையிடம் போனாள்.

"டீச்சர், இது ஒட்டாதாம். தோல் டாக்டரம்மா சொன்னாங்க. வெறுங்கையால பிடிச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க."

ஆசிரியை அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். இந்த முறை முகத்தையும் பார்த்தார்.

"முதல்லயே நான் யாரையாவது கேட்டிருக்கணும்" என்றார் மெதுவாக. "உன் பழைய இடத்துக்குப் போம்மா."

பழைய பெஞ்சில் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். இடம் விடத்தான் நகர்ந்தார்களா, விலகத்தான் நகர்ந்தார்களா என்று தெரியவில்லை. பட்டு மட்டும் அசையவில்லை.

"அம்மா திட்டுவாங்க" என்றாள்.

"சரி" என்றாள் வாண்டு.

கணக்குப் பாடம் தொடங்கியது. அரிப்பும் தொடங்கியது. வாண்டு பல்லைக் கடித்தாள். பட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"அரிக்குது. சொறிஞ்சா ரத்தம் வரும்."

பட்டு ஒரு விரலை நீட்டி வாண்டுவின் புறங்கையைத் தொட்டாள். எடுத்துத் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"அப்போ சொறியாதே. நான் பிடிச்சுக்கறேன்" என்று அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மணி அடிக்கும்வரை அரிப்பு விடவில்லை. பட்டுவும் விடவில்லை.