ஈயம் சுரண்டிய யன்னல்

அறைக்கதவில் தானே ஒட்டிய மஞ்சள் நாடாவைப் பிரித்துக்கொண்டு உள்ளே போன தக்சாயினியின் கண்ணில் முதலில் பட்டது யன்னல் கட்டையிலிருந்த ஈரம். நேற்றிலிருந்து இந்த அறைக்குள் யாரும் வரவில்லை. பூட்டின் திறப்பு அவளிடம்தான் இருந்தது.

தியாகு அண்ணை நேற்று வேலை முடித்துத் துடைத்த ஈரம் காயவில்லையாக்கும் என்று நினைத்தாள். ஜெர்மனியில், வுப்பர்டாலில் இந்த நூறு வருடப் பழைய வீட்டு யன்னல்களின் ஈயப் பெயின்ரைச் சுரண்ட, எங்கட ஆள் என்று நம்பி அவரைப் பிடித்திருந்தாள். "எல்லாம் துப்புரவு தங்கச்சி, ஒருத்தரும் வந்து பார்க்கத் தேவையில்லை" என்று அவர் நாலு தரம் சொன்னதில்தான் சந்தேகமே வந்தது. இரண்டு வயது மகன் கவிஷன் அந்தப் பெயின்ரைக் கடித்துத் தின்று, இரத்தத்தில் ஈயம் ஏறிக் கிடந்தான். சோதனை முடியும்வரை அவன் பான் நகரத்தில், அக்கா வைதேகி வீட்டில்.

சோதிக்க வந்த சிசிலி நாகர்கோவில்காரி. தியாகுவுக்குத் தெரியாமல் பிடித்த ஆள். தேத்தண்ணி கூட வேண்டாம் என்றுவிட்டாள். "டெஸ்ட் முடியட்டும் மேடம்."

நாலு மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. ஹீற்றர் குழாய்க்குள் தண்ணீர் முனகுகிற சத்தமும், புதுப் பூச்சின் நெடியும், அதற்கடியில் பால் குடித்த குழந்தையின் வாயில் வருகிற புளித்த வாசமும் அறைக்குள் நிறைந்திருந்தன. ஈயம் இருந்தால் சிவக்கும் பஞ்சுக்குச்சியால் சிசிலி ஒவ்வொரு யன்னலாகத் தேய்த்தாள். மூன்றில் நிறம் மாறவில்லை.

நாலாவதில் முழங்காலிட்டாள். குச்சி சிவந்தது.

"சுரண்டவே இல்ல மேடம். மேல பூசி மறைச்சிருக்காங்க. பூச்சு பேர்ந்த இடத்துல பழைய பச்சை பெயின்ட் தெரியுது, பாருங்க. வீட்ல குழந்தை இருக்கா?"

"இஞ்ச இல்லை. பத்து நாளாப் பானில."

"அப்ப இது?"

புதுப் பூச்சில் பல் தடம். மேலே நாலு, கீழே நாலு. சின்னப் பற்கள்.

தக்சாயினி அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். "இப்பதான் நித்திரையால எழும்பினவன்," என்றாள் வைதேகி. கவிஷன் திரையில் வந்து சிரித்தான்.

"கவி, ஆ காட்டுங்கோ."

காட்டினான்.

நாக்கில் பச்சைச் செதில்கள்.

"துப்பு. துப்பு அப்பன்."

அவன் வாயை மூடினான். கடித்தான்.

அவளுக்குப் பின்னால் மரம் கறுக் என்றது. சிசிலி கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தாள். யாருமில்லாத யன்னல் கட்டையில் ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது.

திரையில் கவிஷன் மென்று விழுங்கினான்.