மூடிய கடையின் நீராவி

அன்று காலை போட்ட டீயை யாரும் தொடவில்லை. உதவித்தொகை ஆபீசிலிருந்து பெரியப்பாவுக்குப் போன் வந்திருந்தது. மூடியிருப்பதாகச் சொன்ன கடை ஓடுகிற மாதிரி தெரிகிறது, நேரில் பார்க்க வருகிறோம் என்றார்களாம். பெரியப்பா போனை மேசைமேல் வைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க."

"நமக்கு யாருண்ணே எதிரி?" என்றார் அப்பா.

"எதிரி வெளியிலதான் இருக்கணுமா என்ன?"

டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பிறகு ஆறிப்போன டீயை ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் திருப்பி ஊற்றினாள்.

எங்களுடையது சலவைக் கடை. லாட்ஜ்களின் பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் எங்களிடம்தான் வெளுக்க வரும். நாடு முழுக்கத் தொழில் படுத்தபோது லாட்ஜ்களும் கதவைச் சாத்திவிட்டன. ஆள் படுக்காத கட்டிலுக்கு எதற்குச் சலவை? பாய்லர் அணைந்தது. கடன்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அரசாங்கம் அறிவித்தது: வேலையாட்களை நீக்காமல் வைத்திருக்கும் கடைகளுக்கு அவர்கள் சம்பளத்தில் பெரும்பங்கை அரசே தரும். ஆனால், அந்தப் பணம் வாங்கும்வரை கடையில் யாரும் வேலை செய்யக் கூடாது. செய்தால் பணம் நின்றுவிடும். வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

அதற்கு விண்ணப்பித்த அன்று அம்மா கதவோரமாக நின்று கேட்டாள். "மாமா... ஆளுங்க பேரோட என் பேரையும் சேத்துப்பீங்களா?"

பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்குச் சம்பளம்னு போட்டா, அப்புறம் நீ போடற சோத்துக்கு நாங்க பில் கட்டணுமேம்மா."

அப்பாவும் சிரித்தார். கொஞ்சம் கழித்து அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

கல்யாணமான மறுவாரமே கடைக்குள் வந்தவள் அம்மா. துணியை உலர்த்தித் தேய்க்கிற சூட்டு உருளைக்குள் ஈரப் பெட்ஷீட்டை ஒருவர் கொடுக்க வேண்டும், மறுபக்கம் ஒருவர் வாங்கி மடிக்க வேண்டும். கொடுக்கிற பக்கம்தான் கை வேகும். அந்தப் பக்கம் எப்போதும் அம்மா. குழந்தையாக இருந்தபோது என்னைத் துணித் தள்ளுவண்டியில்தான் தூங்க வைப்பாளாம். அதனாலோ என்னவோ, சூடான பெட்ஷீட்டின் மணம்தான் எனக்கு அம்மாவின் மணம்.

"அன்னிக்குக் கேட்டது கிடைக்கலேன்னு மனசுல வெச்சிருப்பா," என்றார் பெரியப்பா போன் வந்த அன்று காலை, அம்மா அங்கே இல்லாதது போல. "ஆத்திரத்துல ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருப்பா. கூடவே இருந்து குழி பறிக்கிறதுங்கிறது இதுதான்."

அப்பா அவளிடம் மெதுவாகக் கேட்டார். "நீ ஏதாவது சொன்னியா?"

"நீங்களுமா கேக்கறீங்க..."

அப்பா மெதுவாகக் கேட்டதுதான் எனக்கு வலித்தது. சத்தம் போட்டிருந்தால் கோபம் என்று விட்டிருக்கலாம்.

எனக்கு ஒன்று தெரியும். சொல்லத்தான் பயம். அப்பா மார்க்கெட்டுக்குப் போகிற நாட்களில் ஆணியிலிருந்து கடைச் சாவியும் காணாமல் போகும். ஒரு நாள் பின்னாலேயே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா பாய்லரைப் பற்றவைத்திருந்தாள். யாரோ திரும்ப வாங்காமல் விட்டுப்போன பழைய பெட்ஷீட் ஒன்றை நனைத்துப் பிழிந்து உருளைக்குள் கொடுத்தாள். ஓடிப்போய் மறுபக்கம் அவளே வாங்கினாள். மடித்தாள், கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு பிரித்து, நனைத்து, மறுபடியும் கொடுத்தாள். வேறு துணி ஏது? நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மதியமே அதிகாரி கடைக்கு ஸ்கூட்டரில் வந்தார். இளவயதுக்காரர். சுற்றிப் பார்த்துவிட்டு உருளையைத் தொட்டவர், கையை வெடுக்கென்று எடுத்தார். போன் வருவதற்கு முன்பு பற்றவைத்த சூடு இன்னும் ஆறாமல் இருந்திருக்க வேண்டும்.

"யார் சார் எங்களைப் பத்திச் சொன்னது?" என்றார் பெரியப்பா.

"யாரும் சொல்லல. நான் தினமும் இந்த வழியாத்தான் ஆபீஸ் போறேன். மூடின கடைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க, மேல குழாய் இட்லிப் பானை மாதிரி ஆவி விடுது. எனக்கும் கண்ணு இருக்கே."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். தெருப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆவிக் குழாய்! அது ஊருக்கே தெரியும். அம்மா அதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். காலையில் பார்த்த பார்வை இல்லை.

"பாய்லரைப் பத்தவெச்சது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தாங்க," என்றாள் அம்மா.

"நீங்க இங்க வேலை செய்றவங்களா?"

ஆமாம் என்றால் பணம் போச்சு, ஆட்களின் சம்பளம் போச்சு, கடையும் போச்சு. அப்பா வாயைத் திறப்பார் என்று அம்மா காத்திருந்தாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்; அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. நான் வீட்டுல இருக்கறவ. பாய்லர் சும்மா கிடந்தா துருப் பிடிக்கும்னாங்க, அதான் அப்பப்ப சூடு பண்ணிட்டுப் போவேன். இங்க உள்ள வேலை எதுவும் எனக்குத் தெரியாதுங்க. ஒரு நாளும் செஞ்சதில்ல."

அதிகாரியின் கண் அம்மாவின் முன்கைக்குப் போனது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கோடு கோடாகத் தழும்புகள்.

"இது?"

அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "அடுப்புல பட்டதுங்க."

அவர் கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். "இனிமே பத்தவைக்காதீங்கம்மா," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"நல்லா சமாளிச்சேம்மா! நீ இல்லேன்னா நாம தெருவுலதான்," என்றார் பெரியப்பா. காலையில் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அதைத் தொடவேயில்லை.

பணம் ஒழுங்காக வந்தது. சில மாதங்களில் லாட்ஜ்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடையில் பாய்லர் பற்றியது, ஆட்கள் திரும்பி வந்தார்கள். அம்மா மட்டும் போகவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். காற்று இந்தப் பக்கம் வீசினால் கண்ணை மூடிக்கொள்வாள்.

"கடையில கை போதல. வாயேன்," என்று அப்பா ஒரு நாள் கூப்பிட்டார்.

"வேலை தெரியாதவ வந்து என்னங்க பண்ணப் போறேன்?"

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போன வாரம் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு பையைப் பார்த்தேன். நான்கு புடவைகள், சீப்பு, என் சின்ன வயதுப் போட்டோ.

"எங்கம்மா போறே?"

"பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில சலவைக்கு ஆள் எடுக்கறாங்களாம். தங்க இடமும் உண்டாம். லீவுக்கு நீ அங்க வா."

"அப்பா?"

"உங்கப்பாவுக்கு வீட்டுல ஒருத்தி இருந்தா போதும்டி. அது யாரா இருந்தாலும் சரிதான்."

அழவில்லை. என் பின்னலைப் பிரித்து மறுபடி பின்னிவிட்டாள், இறுக்கமாக. நான்தான் அழுதேன்.

பையை அப்பாவும் பார்த்திருக்க வேண்டும். இன்று காலை இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். சாயங்காலம் வந்து, காலைக்கூடக் கழுவாமல் கூடத்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். பின்னாலேயே பெரியப்பா வந்தார்.

"உதவித்தொகை ஆபீசுக்குப் போனியாமே? என்ன வேலை அங்க?"

"அன்னிக்கு நடந்தது பொய்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவன் கேட்டானா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! குடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டா?"

"கட்டுவோம்."

"எதை வெச்சுடா கட்டுவே? தலையையா?"

"அவ தலையை வெச்சுத்தானே அண்ணே இத்தனை வருஷம் ஓட்டினோம். இப்ப என் தலை இருக்கட்டும்."

பெரியப்பா விறுவிறுவென்று உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. மேலிடத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்களாம் ஆபீசில். பணம் திரும்பப் போகுமா, கடை இருக்குமா, ஒன்றும் தெரியாது.

அம்மா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில், தோள் படாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க என்னன்னு சொன்னீங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நீங்க பாத்தவங்க என் சம்சாரம். கல்யாணமான மறுவாரத்துலேர்ந்து எங்க கடையில வேலை செய்றாங்க. கையில இருக்கறது அடுப்புல பட்டதில்ல, எங்க உருளையில பட்டது. இப்படித்தான் சொன்னேன்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அப்பா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அந்தக் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். அப்புறம் அவர் தோளும் குலுங்க ஆரம்பித்தது.

வெகுநேரம் கழித்து முந்தானைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க..."