தம்பி கொடுத்த கை

அந்தக் கட்டடத்துக்குள் காலை வைத்ததுமே என் மூக்கு நுனி விறைத்துவிட்டது. வெளியே வெயிலில் ரோட்டுத் தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே கம்பளி கேட்டது உடம்பு. மீன் சேமிக்கும் குளிர்கிடங்கு என்றால் அப்படித்தான் இருக்கும். இதில் பேய் எதுவும் இல்லை. பேய் பிறகுதான் வருகிறது, அவசரப்படாதீர்கள்.

சுவர் ஓவியம் வரைவது என் தொழில். ஓய்வு பெற்று, மனைவியின் கண்ணெதிரே சும்மா உட்கார்ந்திருக்கும் குற்றத்துக்காகத் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன், இந்த வேலை வந்ததும் துள்ளிக் குதித்து ஓடினேன். வரவேற்பறைச் சுவரா அது! ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு பஸ் விடலாம். நடுவில் ஒரு ஸ்டாப்பிங்கும் வைக்கலாம்.

முதலாளி சுவரைக் காட்டினார். இறந்துபோன பெரிய முதலாளியின் தம்பி.

"நான் நாற்காலியில உக்காந்திருக்கணும் மாஸ்டர். எங்கண்ணன் பின்னால நின்னு என் தோள்ல கை வச்சிருக்கணும். பாக்கறவன் எல்லாம், ஆகா, அண்ணனே தம்பிகிட்ட தொழிலை ஒப்படைச்சிட்டுப் போயிட்டார்னு நெனைக்கணும்."

அண்ணன் போன விதம் ஊருக்கே தெரியும். உறைபனி அறைக்குள் மாட்டிக்கொண்டு விறைத்துச் செத்தார். வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது என்றார் தம்பி. அண்ணி நம்பவில்லை. "தாழ்ப்பாளுக்குக் கை முளைச்சுதா?" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டார். ஓவியத் திறப்பு விழாவில், அண்ணிக்குப் பங்கு கிடையாது, மேல்மாடி வீட்டையும் அவர் காலி செய்ய வேண்டும் என்று எல்லார் முன்னாலும் அறிவித்துவிடுவதுதான் தம்பியின் திட்டம்.

அண்ணனின் முகத்துக்கு ஃபோட்டோ இருந்தது. கை தெரிகிற ஃபோட்டோ ஒன்றுகூட இல்லை. மனுஷர் எல்லாப் படத்திலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். நானோ கையைப் பார்க்காமல் கை வரையமாட்டேன். முகத்தை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம், கை காட்டிக்கொடுத்துவிடும்.

"இதுக்கா இவ்ளோ யோசனை?" தம்பி தன் வலக்கையை நீட்டினார். "என் கையைப் பாத்துப் போடுங்க. அண்ணனுக்கே குடுத்துட்டேன்னு வச்சுக்குங்களேன்!" வயிறு குலுங்கச் சிரித்தார்.

உள்ளே எங்கோ ஒரு தாழ்ப்பாள் 'டக்' என்றது.

ஒட்ட வெட்டிய நகங்கள், புடைத்த நரம்பு, மோதிரத் தழும்பு, எதையும் விடவில்லை. கடைசித் தீற்றல் வைத்தபோது தம்பி கையை உதறினார்.

"மரத்துப் போச்சு மாஸ்டர்."

"அசையாம வச்சிருந்தீங்கல்ல, சரியாயிடும்."

சரியாகவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், ஓவியத்தில் கை தோளில் இல்லை. சட்டைக் காலரில் இருந்தது. வயசாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு, பழையபடி தோளுக்கு இறக்கி வரைந்தேன். பெயின்ட் காயவில்லை. சுவரைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது என்று சொல்லமாட்டேன். ஐஸ் அந்தச் சுவரிடம் ட்யூஷன் படிக்க வேண்டும்.

அதற்கு மறுநாள், விரல்கள் காதுக்குக் கீழே.

அதற்கும் மறுநாள், கட்டைவிரல் குரல்வளையில்.

அன்று அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தார். சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"முகம் எங்க வீட்டுக்காரரேதான். கை அவரோடது இல்லையே?"

"தம்பியோடதும்மா. அவரே குடுத்தார்."

அண்ணியின் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு ஊர்ந்தது. ஓவியத்தை நெருங்கி, கணவரின் காதோரம் கிசுகிசுத்தார்.

"கெடைச்சிடுச்சுல்ல? விட்டுடாதீங்க."

என் முதுகுத்தண்டில் எறும்புகள் ஊர்வலம் போயின. பேண்டு வாத்தியத்தோடு.

"மாஸ்டர், இனிமே அதைத் திருத்தாதீங்க."

திருத்தவில்லை. பெண்கள் பேச்சைக் கேட்டுப் பழகிய உடம்பு இது.

மறுநாள் நடுப்பகலில் திறப்பு விழா. வரவேற்பறை நிறையக் கூட்டம். "எங்கண்ணன் ஆசீர்வாதத்தோட..." என்று ஆரம்பித்த தம்பிக்கு வலக்கையால் திரைக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. இடக்கையால் திரையை இழுத்தார்.

ஓவியத்தில் அண்ணனின் சட்டைக் கை முழுசாக இருந்தது.

அதன் முனையில் கை இல்லை.

வெறும் சுவர்.

எல்லோரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தோம். அவருடைய வலக்கை அவர் கழுத்தையே கவ்வியிருந்தது. இடக்கையால் பிய்த்துப் பார்க்கிறார், நகரவில்லை. மீன் பெட்டியைச் சுண்டுவிரலில் தூக்கும் இரண்டு லோடுமேன்கள் அதில் தொங்கியே பார்த்தார்கள். ஒரு விரல்கூட அசையவில்லை. உதடு நீலமானது. மீசையில் பனி பூத்தது.

மேலிருந்து இறங்கி வந்த அண்ணி குரலை உயர்த்தவே இல்லை.

"சொல்லுங்க தம்பி. தாழ்ப்பாளுக்குக் கை முளைச்சுதா?"

விரல்கள் தளர்ந்தன. பேசுகிற அளவுக்கு மட்டும்.

"நான்தான்... நான்தான் அண்ணி போட்டேன். அண்ணன் உள்ளேருந்து தட்டிக்கிட்டே இருந்தார்... தட்டிக்கிட்டே..."

கை பொத்தென்று கழுத்தை விட்டுத் தொங்கியது.

தம்பி ஜெயிலுக்குப் போனார். கிடங்கு அண்ணிக்கு வந்தது. சுவருக்கு வெள்ளையடிக்க அவர் சம்மதிக்கவில்லை. ஓவியத்தில் கை அன்று மாலையே பழையபடி தோளில் வந்து உட்கார்ந்துவிட்டது. நான் பிரஷைத் தொடவில்லை.

தம்பியைப் பார்த்துவிட்டு வந்த லோடுமேன் ஒருவன் சொன்னான்: வலக்கை செத்த மீன் மாதிரி தொங்குகிறதாம், அந்தக் கையில் மட்டும் நகமே வளர்வதில்லையாம். புளுகுவதில் எனக்கே வாத்தியாராக வருவான் போலிருக்கிறதே என்று சிரித்தேன்.

நேற்று அண்ணி ஃபோன் செய்தார்.

"ஒரு நடை வந்துட்டுப் போங்க மாஸ்டர். பிரஷ் எல்லாம் வேணாம்."

"பின்னே?"

"நல்ல நகவெட்டியா ஒண்ணு கொண்டாங்க. எங்க வீட்டுக்காரர், படத்துல இருக்கிற தம்பியோட சட்டையைக் கிழிக்க ஆரம்பிச்சிட்டார்."