செவிட்டுக் கம்பி

கணவர் இறந்ததற்கு எடுத்த விடுப்பு முடிந்து அவள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள். கதவு பழையபடி கிறீச்சிட்டது. உலையறையில் அதே சுட்ட தூசி வாடை. வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்த அவரைத் தூக்கி, திருப்பி, துடைத்துவிட்ட உடம்பு அவளுடையது. துக்கத்தைவிடத் தூக்கம்தான் அதிகம் வந்தது. அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

வேலை பழகியதுதான். முடியைவிட மெல்லிய உலோகக் கம்பி. உருகியதைச் சட்டென்று உறையவைத்து இழுத்தது. அணுக்களுக்கு வரிசைகட்ட நேரமில்லாததால் உள்ளே ஒரே இறுக்கம். கம்பியின் காந்தத்தன்மையும் குட்டிக் குட்டிக் களங்களாகப் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். பதமாகச் சூடு காட்டினால் இறுக்கம் தளர்ந்து களங்கள் சொன்னபடி கேட்கும். அப்புறம் பக்கத்தில் இரும்பு நகர்ந்தாலே, கம்பியோடு இணைத்த திரையில் கோடு துள்ளும். சூடு மிஞ்சினால் உள்ளே படிகம் கட்டி, களங்கள் அசையாமல் சிக்கி, கம்பி செவிடாகிவிடும்.

படுக்கையில் விழும்வரை அங்கே உலைக்காரராக இருந்தவர் அவள் கணவர்தான். எப்போதோ தெறித்த இரும்புச் சில்லு அவர் வலது காலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அவர் நொண்டியபடி மேசையைக் கடந்தால் கோடு துள்ளும், அடங்கும், மறுபடி துள்ளும். அளவு கெடுகிறதென்று எல்லோரும் விரட்டுவார்கள். மாலையில் மட்டும் அவர் நகரமாட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போக, அவள் எழும்வரை நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். கோடும் இறங்காமல் நிற்கும்.

அன்று பதமாகச் சுட்ட கம்பியை அவள் மேசையில் பொருத்தினாள். அறையில் வேறு யாருமில்லை.

கோடு துள்ளியது.

அடங்கியது.

துள்ளியது.

பக்கத்து அறையில் அளவெடுப்பவரைக் கூப்பிட்டாள். வெளியே லாரி போகிறது, அதிர்வாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திரையைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"அண்ணி, இது அண்ணன் நடை" என்றார் மெதுவாக. அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை.

அவளுக்குப் பயத்துக்கு முன்னால் அலுப்புதான் வந்தது. செத்தும் படுக்கமாட்டாரா இந்த மனுஷன்?

"என்னங்க, போதும். நீங்களும் படுங்க, என்னையும் படுக்க விடுங்க."

கோடு துள்ளியது.

அவள் கம்பியைக் கழற்றி உலையில் போட்டு, சூட்டை ஒரேயடியாக ஏற்றினாள். ஆறியதும் மறுபடி பொருத்தி, காந்தத்தை ஒட்டினாற்போலக் காட்டினாள். கோடு அசையவில்லை. இனி இந்தக் கம்பிக்கு எதுவும் தெரியாது. மேசையில் தலை சாய்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள்.

விழித்தபோது கிளம்புகிற நேரமாகியிருந்தது. பிடரியில் சூடு, சுட்ட தூசி வாடை.

செவிட்டுக் கம்பியின் கோடு துள்ளியது. அடங்கியது. துள்ளியது.

பிறகு எழும்பி, அப்படியே நின்றது.

காந்தத்தை மறுபடி காட்டினாள். அதற்கு எந்த அசைவும் இல்லை.

எழுந்தால் வீடுவரை கூடவே வருவார்.

அவள் எழவில்லை. கோடும் இறங்கவில்லை.