காணாமல் போன காலுறைகள்

மாமனிதர்களின் உயிருக்குத்தான் எப்போதும் உலை வைக்கிறார்கள்!

மீனாட்சிபுரம் பொங்கியண்ணனுக்கும் வைத்தார்கள்.

காலுறையில்.

காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் போன் அலறியது. பாலக்காட்டுத் தனியார் மருத்துவமனையிலிருந்து பொங்கியண்ணனே பேசினார். கொலை முயற்சி! எஸ்.ஐ. ஏசுதாஸ் ஜீப்பில் பாய்ந்தார்.

இருபது ஏக்கர் தென்னை, இரண்டு முறை பஞ்சாயத்து மெம்பர், ஒரே ஒரு பித்தப்பை. அதையும் முந்தாநாள் நாலு சின்னத் துளை வழியாக எடுத்துவிட்டார்கள். இப்போது இடது கெண்டைக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கு," என்றார் டாக்டர் கிருத்திகா. "நல்லவேளை, இப்பவே பாத்துட்டோம். நுரையீரலுக்குப் போயிருந்தா நீங்க பிணத்தப் பாக்கத்தான் வந்திருப்பீங்க."

ரத்தம் உறையாமலிருக்க ஊசி, இறுக்கமான காலுறை, அன்றே எழுந்து நடை. மூன்றும் எழுதியிருந்தார். ஊசி மட்டும் ஒழுங்காக நடந்தது. பொங்கியண்ணன் நடக்கவில்லை. மறுநாளே நடமாடினால் சின்ன ஆபரேஷன் என்று ஊர் நினைத்துவிடாதா?

காலுறை...?

"போடவே இல்லீங்க," போர்வையை விலக்கி வெறுங்காலைக் காட்டினார் பொங்கியண்ணன். "இந்த நர்ஸுப் புள்ளதானுங்க. எதிர்க்கட்சிக்காரன் ஏவி உட்டிருப்பான்."

"நான்தான் சாரே போட்டது. ரெண்டு காலிலும்," என்றாள் நர்ஸ் ஜிஸ்மி.

சார்ட்டிலும் எழுதியிருந்தாள். ஆனால் காலில் இல்லையே! மருத்துவமனை மானேஜர் அவளுடைய சஸ்பென்ஷன் கடிதத்தோடு நின்றார். பேனா மூடியைக் கழற்றியாகிவிட்டது...

கதவு திறந்தது.

மனைவி சரஸ்வதியம்மாள். ஒரு கையில் சோற்றுத் தூக்குப்போசி, மறு கையில் துணிப்பை.

"ஏனுங்க, தெச்சுட்டேனுங்க."

பையிலிருந்து வெளியே வந்தன இரண்டு வெள்ளைக் காலுறைகள்!



போலீஸைப் பார்த்ததும் அம்மாளுக்கு உற்சாகம். "நல்லாக் கேளுங்க சார். பேருக்குத்தான் பெரிய ஆசுபத்திரி. கிழிஞ்ச சாக்ஸப் போட்டு உட்டிருக்காங்க, வெரலு வெளிய தெரியுது. நேத்து சம்பந்தி ஊட்டுக்காரங்க பாக்க வந்தாங்க. மானம் போயிருமுன்னு இவரேதான் கழட்டிக் குடுத்தாரு."

ஏசுதாஸ் மெதுவாகத் திரும்பினார். "அப்ப அந்தப் புள்ள போடவே இல்லையா, மெம்பரே?"

பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நாலு துளையும் ஒரே நேரத்தில் வலித்ததாம்.

"அது கிழிசல் இல்லம்மா," என்றார் கிருத்திகா. "வெரல்ல ரத்தம் ஓடுதான்னு பாக்கறதுக்கு வெச்ச ஓட்டை. கம்பெனியிலயே அப்படித்தான் வரும்."

மானேஜர் கடிதத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். ஜிஸ்மி அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டு பொங்கியண்ணனை நெருங்கினாள். அவர் முதல்முறையாக அவளை 'அம்மிணி' என்றார்.

ஏசுதாஸ் ரிப்போர்ட் எழுதினார்.

'காணாமல் போன பொருள் கிடைத்தது. இப்போது அதில் ஓட்டை இல்லை.'